சைக்கிள் கற்றுக்கொண்ட மாவட்டம் நாம்



அண்மையில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றிருந்தோம். பத்துப் பன்னிரண்டு கார்கள் ஒரே நேரத்தில் கிளம்பப் பார்த்தன. ஒன்று பின்னால் வர, இன்னொன்று குறுக்கே நிற்க, நடுவில் இருசக்கர வாகனங்கள் நுழைய, ஹாரன் சத்தத்தில் சமாதானம் காணாமல் போயிருந்தது. சுவரோரமாக ஒரு பாட்டி, பேத்தியின் கையைப் பிடித்தபடி வழி கிடைக்கக் காத்திருந்தார். அருகில் போய், "என்னம்மா, வெயில்ல நிக்கிறீங்க?" என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சாமி, அறிவொளி நடந்தப்ப இதே ரோட்டுல நான் சைக்கிள்ல பறப்பேன். இப்ப ரோட்டைத் தாண்டவே இந்தப் புள்ள கையப் புடிக்க வேண்டியிருக்கு."

அவர் குறையாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் நம்மை விடவில்லை. இன்றைய சிந்தனை அந்தச் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

நம்மில் இளையவர்களுக்கு அந்தப் பாட்டி எதைப் பற்றிப் பேசினார் என்று தெரிந்திருக்காது. 1991ஆம் ஆண்டு, நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்கும் இயக்கம். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள். கிராமம் கிராமமாக மாலை நேரங்களில் வகுப்புகள். பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள், அவர்களில் பெண்கள் ஏராளம். அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. ஒரு பெண் தொண்டர் பக்கத்து ஊருக்குப் போய் வகுப்பைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்றால் எப்படிப் போவார்? பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதைப் பிடிக்கவே இரண்டு மூன்று கிலோமீட்டர் நடக்கவேண்டும். இல்லையென்றால் அப்பாவோ, அண்ணனோ, கணவரோ, மகனோ கொண்டுபோய் விடவேண்டும். அவர்களுக்கு நேரம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஆகவே எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுப்பது என்று முடிவாயிற்று. இதைக் கேட்கும்போது சாதாரணமாகத் தோன்றும். அன்றைக்கு அப்படி இல்லை. சேலை கட்டிய பெண் சைக்கிள் மிதித்துத் தெருவில் போவதை ஊர் பார்த்த பார்வையும், பேசிய பேச்சும் இங்கே சொல்லத்தக்கவை அல்ல. அதையெல்லாம் காதில் வாங்காமல் அவர்கள் கற்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி முகாம்கள் நடந்தன. முத்து பாஸ்கரன் அவர்கள் இதற்காகவே எழுதிய பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. அதை இன்றும் முழுதாகப் பாடத் தெரிந்த தாய்மார்கள் நம் பங்கில் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள், செவிலியர்கள், கல் குவாரியில் வேலை செய்தவர்கள், வயல் வேலைக்குப் போனவர்கள் என்று எல்லாரும் வந்தார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என்ற வேறுபாடு அந்த மைதானத்தில் இல்லை. வயது வித்தியாசமும் பெரிதாக இல்லை. ஓரிரு ஆண்டுகளுக்குள் மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். 1992 மார்ச்சில், உலக மகளிர் தினத்தன்று, ஆயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமான பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் அணிவகுத்து வந்தார்கள்.

கடைகளில் பெண்கள் ஓட்டும் சைக்கிள் தீர்ந்துபோனது. கிடைக்காதவர்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்தார்கள். பிறகு அதுவே மேல் என்றும் சிலர் சொன்னார்கள், ஏனென்றால் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம். பின்னால் விறகோ தண்ணீர்க்குடமோ, முன்னால் பிள்ளை, நடுவில் அம்மா.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் அவர்கள் (சென்னை லொயோலா கல்லூரியில் படித்தவர்) நேரில் வந்து இதைப் பார்த்து எழுதினார். அந்தக் கட்டுரை, நாட்டின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. டில்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் பிள்ளைகள் புதுக்கோட்டை என்ற பெயரை இந்தச் சைக்கிளால்தான் அறிந்தார்கள். நம் பிள்ளைகளுக்குத்தான் நாம் சொல்லவில்லை.

அந்தப் பெண்களுக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்பதைக் கொஞ்சம் நின்று யோசிப்போம். வேகம் அல்ல, சைக்கிளுக்கு என்ன பெரிய வேகம்? அவர்களுக்குக் கிடைத்தது நேரம். காய்கறியும் கடலையும் விற்கப் போனவர்கள் பேருந்துக்காகக் காத்திருந்த நேரம் மிச்சமானது. ஒரு ஊரில் மட்டும் விற்றவர்கள் இரண்டு மூன்று ஊர்களில் விற்க முடிந்தது. யாருடைய தயவையும் எதிர்பார்க்காமல் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல முடிந்தது. மாலையில் தண்ணீர் பிடிக்கவும் அடுப்பு மூட்டவும் ஓடிவர வேண்டிய பதற்றம் குறைந்தது. பின்னாளில் இதைவிடப் பெரிய கணக்கும் கிடைத்தது. 2006இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியபோது, கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை 32 விழுக்காடு உயர்ந்தது என்றும், பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பலன் மிகுதி என்றும் கண்டார்கள். நம் தமிழ்நாட்டிலும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் தருகிறது.

சரி, இத்தனையும் பழைய பெருமை. இன்றைக்கு வருவோம்.

சைக்கிள் கற்ற அதே தாய்மார்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று கார் வைத்திருக்கிறார்கள். உழைத்து முன்னேறியதன் அடையாளம் அது, அதைக் குறை சொல்ல நாம் இங்கே வரவில்லை. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வியர்வை சிந்திச் சம்பாதித்த பணத்தில், வயதான அப்பா அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக ஒரு மகன் கார் வாங்குகிறார் என்றால், அந்தக் காரின் மேல் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பது நமக்கும் மகிழ்ச்சிதான். சிக்கல் காரை வாங்கியதில் இல்லை. வாங்கிய பிறகு எல்லாவற்றுக்கும் அதையே எடுப்பதில் இருக்கிறது. பால் வாங்கக் கார், முடி வெட்டக் கார், நாலு தெரு தள்ளி இருக்கும் ஆலயத்துக்குக் கார். வேளாங்கண்ணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் காலில் கொப்புளம் வர நடக்கிற நாம், அறுநூறு மீட்டர் தள்ளி இருக்கும் பங்கு ஆலயத்துக்கு நடக்க யோசிக்கிறோம். ஆவூர்ப் பெரியநாயகி அன்னையின் தேரை இழுக்கப் போகும் கைகள்தான் இவை என்று எண்ணும்போது சிரிப்பும் வருகிறது.

நாமும் தப்பவில்லை. மூன்றாவது தெருவில் ஒரு வீடு மந்திரிக்க அழைத்தார்கள் என்று காரில் ஏறிப் போனவர்கள்தான் நாமும். இறங்கும்போது அந்த வீட்டுப் பெரியவர், "நடந்து வந்திருந்தா இதுக்குள்ள வந்திருப்பீங்களே சாமி" என்றார். அவர் சொன்னதும் சரிதான், வண்டியை வெளியே எடுக்கவே பத்து நிமிடம் ஆனது.

இது வெறும் பழக்கம்தானே, இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். அந்தப் பாட்டிக்கு நட்டம். அவருடைய பேத்திக்கு நட்டம். சாலை என்பது ஒரு ஊரின் பொதுச் சொத்து. நம் நாட்டில் பத்துக் குடும்பங்களில் ஒன்றில்கூடக் கார் இல்லை. ஆனால் சாலையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டு நிற்பது அந்தக் கார்தான். ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுப் பத்துச் சைக்கிள்கள் நிற்கும். ஓரத்தில் கார் நின்றால் நடப்பவர் நடுச்சாலைக்கு வருகிறார், நடுச்சாலையில் வருபவரை வேகமாக வரும் வண்டி தொட்டுவிடுகிறது. புதுக்கோட்டையின் ராஜ வீதிகள், சேஷய்யா சாஸ்திரி அவர்கள் திவானாக இருந்த காலத்தில் நேராகவும் அகலமாகவும் அமைக்கப்பட்டவை. பெருமைக்குரிய அந்த வீதிகளில் இன்று மாலை ஆறு மணிக்கு ஒரு பள்ளிப் பிள்ளை சைக்கிளில் போய்வருவதைப் பெற்றவர்கள் எத்தனை பேர் துணிந்து அனுமதிக்கிறோம்? விராலிமலைப் பக்கம் நான்குவழிச் சாலையைக் குறுக்கே கடக்கும் மக்களின் அச்சத்தை அங்கே வாழ்பவர்கள் அறிவார்கள்.

அரசு கொடுத்த சைக்கிள் எத்தனை வீடுகளில் திண்ணையில் சாய்ந்து கிடக்கிறது? கேட்டால் பெற்றோர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "ரோடு சரியில்ல சாமி, வண்டிங்க பறக்குது." பிறகு அந்த அச்சத்தினாலேயே பிள்ளையைக் காரிலோ பைக்கிலோ கொண்டுபோய் விடுகிறார்கள். அதனால் பள்ளி வாசலில் இன்னும் நான்கு வண்டிகள் கூடுகின்றன. அதைப் பார்த்து இன்னொரு தாய் பயப்படுகிறார். அவரும் சைக்கிளை நிறுத்தி வைக்கிறார். ஒவ்வொரு வீடும் தன் பிள்ளையைக் காப்பாற்ற எடுக்கும் வண்டி, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்தாகிறது. இந்தச் சுழலில் கெட்டவர்கள் என்று யாரும் இல்லை, அதுதான் வேதனை.

அந்த ஆபத்து வெறும் கற்பனையும் அல்ல. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் கொடுத்திருக்கிறது. அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 உயிர்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 குடும்பங்களின் வாசலில் பந்தல். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நம் மாநிலத்துக்கு. கல்லறைத் தோட்டத்தில் நாம் மந்திரித்த புதிய கல்லறைகளை எண்ணிப் பார்த்தால், இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ள பெயர்கள் பலவற்றுக்குப் பின்னால் ஒரு சாலை இருக்கிறது. இதற்குமேல் இதைப் பற்றி இங்கே சொல்ல மனம் வரவில்லை.

இந்தச் சுழலிலிருந்து வெளியே வந்த நாடும் இருக்கிறது. நெதர்லாந்து என்றால் இன்று சைக்கிள் நாடு, அங்கே மக்கள்தொகையைவிடச் சைக்கிள்கள் அதிகம் என்று நாம் கேள்விப்பட்டிருப்போம். அது பிறவியிலேயே அப்படி அமைந்த நாடு என்று நினைத்தால் தவறு. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அங்கே பணம் பெருகியது, கார்கள் பெருகின, சைக்கிளுக்கு இடமில்லாமல் போனது. 1971ஆம் ஆண்டில் அங்கே சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் சிறுவர் சிறுமியர். பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள். "பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள்" என்பதே அவர்கள் இயக்கத்தின் பெயர். அதே நேரத்தில், 1973 நவம்பரில், அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதால் எரிபொருளை மிச்சப்படுத்த அந்நாட்டு அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதற்குத் தடை போட்டது. சில வாரங்கள்தான். ஆனால் அந்த ஞாயிறுகளில் பெரிய நெடுஞ்சாலைகளில் பிள்ளைகள் விளையாடினார்கள், குடும்பங்கள் நடந்தன. தங்கள் ஊர் வேறு மாதிரியும் இருக்க முடியும் என்று மக்கள் கண்ணால் பார்த்தார்கள். அதன்பின் ஆண்டுக்கணக்கில் கேட்டு, போராடி, சாலைகளை மாற்றி அமைத்துக்கொண்டார்கள்.

நமக்கு இதில் பிடித்தது, அது ஞாயிற்றுக்கிழமை என்பதுதான்.

காரைக் குறைத்தால் கிடைக்கும் மற்ற நன்மைகளையும் பார்ப்போம். முதலில் உடல். நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலசைவோடு இருக்கவேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. கணக்குப் போட்டால் நாளுக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கடைக்கும் ஆலயத்துக்கும் நடந்து வந்தாலே அது முடிந்துவிடும். மருத்துவர் சொன்னார் என்று விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, பிறகு காரில் ஏறிக் காய்கறிக் கடைக்குப் போகிறவர்களை நாம் பார்க்கிறோம். (அவர்கள் பலர் நம் நண்பர்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.)

அடுத்தது காற்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியே போகிறது. லிட்டருக்கு ஒரு கிலோவும் இல்லாத பெட்ரோல் எப்படி இரண்டு கிலோ வாயுவாகும் என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. பெட்ரோலில் இருக்கும் கரி, காற்றில் உள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு எரிவதால்தான் எடை கூடுகிறது. இதில் இன்னொரு செய்தியும் உண்டு. குறுகிய தூரம் போகும் காருக்குத்தான், கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால், அதிகப் புகை. எஞ்சின் சூடேறும் வரை எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். புகையின் நஞ்சைக் குறைப்பதற்காகப் புகைக்குழாயில் வைத்திருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்னும் கருவியும் நன்றாகச் சூடான பிறகே வேலை செய்யும். ஒரு கிலோமீட்டர் போய் நிறுத்திவிட்டால் அந்தக் கருவி இருந்தும் பெரிய பயனில்லை. ஆக, நாம் எளிதில் நடந்துவிடக்கூடிய அந்தச் சின்னத் தூரத்தில்தான் கார் தன் மோசமான வேலையைச் செய்கிறது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுவோம். ஆலயத்துக்கு மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஒரு குடும்பம், ஞாயிறு தோறும் காரில் வந்துபோனால் ஆண்டுக்கு 312 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் என்றால் ஏறக்குறைய 21 லிட்டர், இன்றைய விலையில் இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். பெரிய தொகை இல்லைதான். ஆனால் அது வாரத்தில் ஒரு நாள் கணக்கு மட்டுமே. மற்ற ஆறு நாள்களின் கணக்கை நீங்களே வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். பேருந்தின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2021 மே மாதம் முதல் நம் மாநிலத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். இதனால் ஒரு பெண் மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. அந்தப் பணம் பிள்ளைகளின் படிப்புக்கும் மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் போகிறது. பேருந்து நிலையத்தில் நிற்கும் நம் தாய்மார்களைக் கேட்டாலே தெரியும்.

இந்த இடத்தில் நம் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. புவனோஸ் ஐரெஸ் நகரில் பேராயராக, கர்தினாலாக இருந்தபோதும் அவர் பேருந்திலும் சுரங்க இரயிலிலும்தான் போய்வந்தார். 2013 ஜூலையில் அருள்பணிப் பயிற்சி மாணவர்களையும் துறவறப் பயிற்சி பெறும் இளையோரையும் சந்தித்தபோது, புத்தம்புதிய மாடல் காரில் ஓர் அருள்பணியாளரையோ அருள்சகோதரியையோ காணும்போது தமக்கு வேதனையாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். கார் தேவைதான், ஆனால் எளியதாக இருக்கட்டும், பசியால் சாகும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் கருத்து. 2015இல் வெளிவந்த 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில், நகரங்களில் கார்கள் பெருகி நெரிசலும் மாசும் ஏற்படுவதைக் குறிப்பிட்டு, பொதுப் போக்குவரத்துக்கு முதலிடம் தரவேண்டும் என்றார். அதோடு நிற்கவில்லை. பல ஊர்களில் பேருந்துப் பயணம் மனித மாண்புக்கு ஏற்றதாக இல்லை, கூட்டமும் தாமதமும் மக்களை வதைக்கின்றன என்பதையும் ஒத்துக்கொண்டார். இதைப் படிக்கும்போது அவர் அறந்தாங்கிப் பேருந்தில் தொங்கிக்கொண்டு வந்திருப்பாரோ என்று நமக்குத் தோன்றும். பேருந்தும் சரியாக வரவேண்டும், நடைபாதையும் நடப்பதற்கு இருக்கவேண்டும். இவற்றை ஊராட்சியிலும் நகராட்சியிலும் கிராம சபையிலும் கேட்பது நம் கடமை. கார் உள்ளவர்கள் கேட்டால் இன்னும் நன்றாக எடுபடும். பேருந்து தேவைப்படாதவர்கள் பேருந்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதால்தான் அது இந்த நிலையில் இருக்கிறது என்று நமக்கு ஓர் எண்ணம் உண்டு.

நடப்பதில் இன்னொன்றும் இருக்கிறது. எம்மாவுக்குப் போன சீடர்கள் இருவரும் பதினொரு கிலோமீட்டர் நடந்தார்கள். நடந்ததால்தான் வழியில் ஒருவர் சேர்ந்துகொள்ள முடிந்தது. அவர் பேசிக்கொண்டே வர, இவர்கள் கேட்டுக்கொண்டே நடந்தார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டுக்கொண்டு போகும் வண்டியில் அப்படி யாரும் வந்து சேர முடியாது. முன்பெல்லாம் பூசைக்குப் போகும் வழியிலேயே யார் வீட்டில் உடம்புக்கு முடியவில்லை, யாருக்கு வேலை போய்விட்டது, எந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இன்று பங்கில் ஒரு குடும்பம் பட்டினி கிடந்தது நமக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர்கள் வீடு நாம் தினமும் வண்டியில் கடந்துபோகும் தெருவில்தான் இருக்கிறது.

எல்லாராலும் நடக்க முடியாது என்பதை நாம் அறிவோம். மூட்டு வலியுள்ளவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், கருவுற்ற தாய்மார்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், கத்திரி வெயிலில் தொலைவிலிருந்து வருபவர்கள் ஆகியோருக்குக் கார் ஓர் அருள்கொடை. அவர்கள் ஒரு சொல்லும் கூச்சப்பட வேண்டாம். அவர்களுடைய கார் ஆலய வாசல்வரை தடையின்றி வருவதற்காகவே மற்றவர்களின் கார் வீட்டில் நிற்கவேண்டும் என்கிறோம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் நினைவிருக்கிறதா? மரங்கள் சாய்ந்து சாலையெல்லாம் அடைபட்டபோது எந்தக் காரும் நகரவில்லை. சைக்கிளைத் தோளில் தூக்கி மரத்தைத் தாண்டி வைத்து, மறுபடி ஏறிப் போனவர்கள்தான் பக்கத்து ஊரின் செய்தியைக் கொண்டுவந்தார்கள்.

பங்குப் பேரவையில் இதைப் பேசினோம். முதலில் கொஞ்சம் சிரித்தார்கள், பிறகு பேசினார்கள். வருகிற மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் நடந்தோ சைக்கிளிலோ வருவது என்று முடிவாகியிருக்கிறது. கட்டாயம் எதுவும் இல்லை. தொலைவில் உள்ள அன்பியங்கள் ஒரே காரில் நான்கைந்து பேராகவோ, ஷேர் ஆட்டோவிலோ வரலாம். காலையில் வரும் முதல் நகரப் பேருந்துக்கு ஏற்ற மாதிரி அந்த நாளில் மட்டும் திருப்பலியைக் கால் மணி நேரம் தள்ளி வைக்கிறோம். முதியவர்களை அழைத்துவர விரும்பும் கார்க்காரர்கள் இளையோர் இயக்கத்திடம் பெயர் கொடுக்கலாம்.

நாம் தொடக்கத்தில் சொன்ன அந்தப் பாட்டி, பேத்திக்கு ஆலய மைதானத்தில் சைக்கிள் சொல்லிக்கொடுக்கிறேன் என்று முன்வந்திருக்கிறார். இன்னும் இரண்டு மூன்று அறிவொளித் தாய்மார்களும் சேர்ந்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. பெண் பிள்ளைகள் மட்டுமல்ல, இதுவரை கற்றுக்கொள்ளாத அம்மாக்களும் வரலாம், வயது கேட்கமாட்டார்கள். கெபிக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் காற்றடிக்கும் பம்பு ஒன்று வைத்திருக்கிறோம். வீட்டில் பழைய சைக்கிள் சும்மா கிடந்தால் கொண்டுவந்து கொடுங்கள். செயின் துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, எண்ணெய் நம்மிடம் இருக்கிறது.